இடது பாக்கெட்டில் புளியங்கொட்டை

தேசிய கூடைப்பந்து லீக்கில் எந்தெந்த ஆண்டு யார் யார் கோப்பை வாங்கினார்கள் என்பதை இப்போது கைபேசியில் தட்டினால் வந்துவிடுகிறது. எனக்கு அது மனப்பாடம். முதல் இரண்டு ஆண்டுகள் சிவப்பு. அடுத்த ஆண்டு மஞ்சள். பிறகு நீலம், நீலம், நீலம், நீலம், நீலம். அதற்கடுத்து பச்சை. நான் இப்படி நிறத்தைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். அணிகளுக்கு ஊர் உண்டு, முதலாளி உண்டு, வாயில் நுழையாத பெயர்களும் உண்டு. நடுவருக்கு அதெல்லாம் கிடையாது. விசில் ஊதிவிட்டு, புள்ளி எழுதுகிறவர்களின் மேஜையைப் பார்த்து "பச்சை, ஏழாம் நம்பர், தள்ளல்" என்று சொல்லிச் சொல்லியே எங்களுக்கு நாக்கு அப்படிப் பழகிவிட்டது. கல்யாண வீட்டில் என் வீட்டுக்காரர் யாரையாவது காட்டி இவர் யாரென்று கேட்டால்கூட, "எந்தச் சட்டை?" என்றுதான் எனக்கு முதலில் வாயில் வரும்.

அந்த வரிசையில் நீலம் முடிந்து பச்சை தொடங்குகிற இடத்தில் நானும் நிற்கிறேன். நடுவர் பெயரை எந்தக் கோப்பையிலும் பொறிப்பதில்லை, பொறிக்கவும் வேண்டாம். ஆனால் அந்த இடத்தில் நான் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

போன மாதம் தஞ்சாவூரில் இளம் நடுவர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடந்தது. வயது வரம்பு வந்து விசிலைக் கழற்றிவிட்ட என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அடுத்த பந்து யார் முறை என்று காட்டுகிற அம்புப் பலகையை இனிமேல் மேஜையில் வைக்க மாட்டார்களாம், எல்லாம் மின்சாரப் பலகையில் விளக்காகவே எரியுமாம். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். "மேடம், அப்போ இனிமே ரெஃப்ரீ பாக்கெட்ல எதுவும் வச்சுக்க வேண்டியதில்லைல்ல?" என்று கேட்டாள். எனக்கு வந்ததே ஒரு கோபம்! தேநீர் இடைவேளையை விழுங்கிவிட்டு அவளுக்குப் பதில் சொன்னேன். அதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

நான் திருவாரூர்க்காரி. பெயர் ஜைத்தூன். அத்தா சவூதியில் சம்பாதித்து வந்து கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்தார், இப்போது அதைத் தம்பி ஹபீப் பார்த்துக்கொள்கிறான். தஞ்சாவூரில் கல்லூரியில் சேர்ந்தபோதுதான் கூடைப்பந்தைத் தொட்டேன். உயரம் போதவில்லை, ஆட்டமும் போதவில்லை. நியாயம் பேசுவதில் மட்டும் ஒரு குறையும் இல்லை. "இவ்வளவு பேசுறியே, நீயே ஊதுடி" என்று தோழிகள் விசிலைக் கையில் கொடுத்தார்கள். பிறகு தேர்வு எழுதி, மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஒவ்வொரு படியாக ஏறினேன். வாரநாட்களில் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை, விடுமுறையில் நடுவர்.

டெல்டாவில் விசில் ஊதியவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு தொல்லை உண்டு. சம்பாப் பயிர் நிற்கிற காலத்தில், திறந்தவெளி ஆடுகளத்தில் விளக்கைப் போட்டால் போதும், வயலில் இருக்கிற பச்சைப் பூச்சி அத்தனையும் அழைப்பு வைத்ததுபோல வந்துவிடும். என் முதல் மாவட்ட இறுதி ஆட்டத்தில் ஒருவன் இன்னொருவனின் கையில் பலமாக அடித்தான். ஊதுவதற்காக மூச்சை இழுத்தேன், பூச்சி தொண்டைக்குள் போய்விட்டது. ஊத வேண்டிய இடத்தில் இருமினேன். அடித்தவன் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடிப்போய்ப் பந்தையும் கூடையில் போட்டுவிட்டான். அன்றைக்குப் பழகியதுதான், மூக்கால் இழுத்து வாயால் ஊதுவது. குளிர்சாதன அரங்கத்தில் ஊதும்போதும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தவர்தான் கோவிந்தராஜன் சார். மன்னார்குடிப் பக்கம் நிலபுலத்தோடு இருந்த குடும்பம், எப்போதோ சென்னைக்குப் போய்விட்டது. தேசிய நடுவர் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஒல்லியான மனிதர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, முகத்தில் ஒரு சிரிப்பு இருக்காது. ஆட்டம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். பூச்சியைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கேட்டது வேறு.

"எங்கே நின்னே?"

நான் நின்ற இடத்தைக் காட்டினேன்.

"அங்கே நின்னா அவன் கை தெரியுமா?"

தெரிந்தது சார் என்றேன். "அப்போ சரி. பூச்சி உன் தப்பு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாநிலத் தேர்வும் முடிந்த கையோடு தேசியக் குழுவில் என் பெயர் வந்தது.

அவருடைய முறை எப்போதும் அதுதான். ஆட்டம் முடிந்ததும் நடுவர் அறையின் கதவைச் சாத்துவார். டீ வந்திருக்கும், ஆனால் பேச்சு முடியாமல் யாரும் தொட முடியாது. நீ கொடுத்த ஃபவுல் தப்பு, நீ விட்டது சரி என்றெல்லாம் ஒரு நாளும் சொல்ல மாட்டார். "மூணாவது குவார்ட்டர்ல அந்தப் பிளாக்குக்கு எங்கே நின்னே?" என்பார். நாம் தரையில் கால் வைத்துக் காட்ட வேண்டும். அங்கிருந்து பார்த்தால் முதுகுதான் தெரியும் என்று நமக்கே புரியும்போது முகம் சுண்டிப்போகும். அதற்குப் பிறகுதான் டீ. பல நாள் ஆறிப்போன டீயைத்தான் குடித்திருக்கிறேன்.

ஆட்டத்துக்கு முன்னாலும் ஒரு சோதனை உண்டு. எங்களை வரிசையாக நிற்கவைத்து ஷூ லேஸ், மாற்று விசில், நகம் எல்லாம் பார்ப்பார். கடைசியாக, "பாக்கெட்ல என்ன?" என்பார்.

கூடைப்பந்து தெரியாதவர்களுக்காக இந்த இடத்தை மட்டும் விளக்கிவிடுகிறேன். இரண்டு அணிக்காரர்கள் ஒரே நேரத்தில் பந்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றால் பந்து யாருக்கு? இந்தத் தடவை உனக்கு, அடுத்த தடவை அவனுக்கு என்று முறை வைத்துக் கொடுப்போம். ஆட்டத்தில் குவார்ட்டர் என்கிற நான்கு பகுதிகளில் முதலாவதைத் தவிர மற்ற மூன்றும் தொடங்குவதும் இதே முறைப்படிதான். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைக்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரிந்துவிடும். அடுத்த முறை யாருக்கு என்பதைக் காட்ட மேஜைமேல் ஒரு அம்புப் பலகை நிற்கும். ஒருவர் முறை முடிந்ததும் மேஜையில் இருப்பவர்கள் அதை அடுத்தவர் பக்கம் திருப்ப வேண்டும். புள்ளி, ஃபவுல் எல்லாம் தாளில் ஏறும். இந்த முறை மட்டும் எதிலும் ஏறாது. அம்பு காட்டுவதுதான் கணக்கு.

"அம்பு மேஜைக்காரங்களுக்கு. உனக்குன்னு தனியா ஒண்ணு வச்சுக்க" என்பார் சார். அதனால் நடுவர்கள் ஆளுக்கொரு வழி வைத்திருந்தோம். சிலர் மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டு இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றுவார்கள். சிலர் நாணயம் வைத்திருப்பார்கள். எனக்கு ரப்பர் பேண்ட் கடித்தது, நாணயம் ஓடும்போது சத்தம் போட்டது. ஒரு நாள் புளி ஆய்ந்துகொண்டிருந்தபோது ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது, கையில் இருந்த கொட்டையை அப்படியே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓடினேன். அதுவே நிலைத்துவிட்டது. உள்ளூர் அணியின் முறை என்றால் வலது பாக்கெட், வெளியூர் அணியின் முறை என்றால் இடது பாக்கெட். ஒரு முறை முடிந்து பந்து உள்ளே வந்ததும் கொட்டை அடுத்த பாக்கெட்டுக்குப் போய்விடும். சார் முதன்முதலில் அதைப் பார்த்தபோது எடுத்து உருட்டிப் பார்த்தார். "பழசா, புதுசா?" என்றார். பழைய புளி சார் என்றேன். சரி என்பதுபோலத் தலையாட்டினார். சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

லீக்கில் ஆண்கள் ஆட்டத்துக்கு நான் போன புதிதில் ஒரு மேலாளர் என்னையே பார்த்து, "ரெஃப்ரீ இன்னும் வரலையா?" என்று கேட்டார். வந்தாச்சு, இரண்டாவது நிமிஷத்தில் தெரிஞ்சுக்குவீங்க என்றேன். இரண்டாவது நிமிஷத்தில் அவர் கோட்டைத் தாண்டி வந்து கத்தினார், நான் டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தேன். அதன் பிறகு என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார். ஆனால் எத்தனை ஆண்டு ஊதியும் இறுதி ஆட்டத்துக்குத் தலைமை நடுவராக ஒரு பெண்ணைப் போட்டதே இல்லை. போடுங்கள் என்று நானும் யாரிடமும் போய் நின்றதில்லை. ஆசை இல்லாமலா? மண்டை நிறைய இருந்தது.

அப்படி இருந்தபோதுதான் லீக்கின் இறுதி ஆட்டம் தஞ்சாவூருக்கு வந்தது. தொடர்ந்து ஐந்து ஆண்டு கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோன வடக்கத்தி நீலமும், எங்கள் மாநிலத்துப் பச்சையும் மோதின. பச்சைக்கு அதுவரை கோப்பை கிடையாது. அதன் கேப்டன் இளங்கோ கீழ்வேளூர்ப் பையன். முழங்கால் தேய்ந்துபோய், அந்த ஆண்டோடு ஆட்டத்தை விடப்போகிறேன் என்று சொல்லியிருந்தான். திருவாரூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வேன் பிடித்து வந்திருந்தார்கள். தம்பி ஹபீப் கடையைச் சாத்திவிட்டு, பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, அசோகா அல்வா டப்பாவோடு மாடியில் உட்கார்ந்திருந்தான். பச்சை ஜெயித்தால் அங்கேயே பிரித்துக் கொடுப்பதாக ஏற்பாடு.

தலைமை நடுவராக வர வேண்டியவர் வெளிமாநிலத்துக்காரர். புயல் மழையில் அவருடைய விமானம் திருச்சியில் இறங்கவில்லை. காலையில் சார் என்னைக் கூப்பிட்டு, "நீதான் இன்னிக்குத் தலைமை" என்றார். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை இல்லை. நீலத்தின் மேலாளர் விஷயம் கேள்விப்பட்டுக் கொதித்துப்போய் வந்தார். இந்த ஊர்ப் பெண்ணை இந்த ஊர் ஆட்டத்துக்குப் போடுவது எந்த ஊர் நியாயம் என்று ஆங்கிலத்தில் சத்தம் போட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை, நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். சார் அவரை முழுக்கப் பேசவிட்டார். பிறகு, "அவங்க எந்த ஊருன்னு ஆட்டம் முடிஞ்சப்புறம் வந்து எங்கிட்டச் சொல்லுங்க" என்றார்.

நான் தவறினால் என்னோடு போகாது, இவர் தலையும் சேர்ந்து உருளும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. இனிமேல் எந்தப் பெண்ணுக்கும் இறுதி ஆட்டம் இல்லை என்பதும் தெரிந்தது.

ஆட்டம் அருமையான ஆட்டம். புள்ளியில் யாரும் யாரையும் விட்டு ஓடவில்லை. கடைசி குவார்ட்டரைத் தொடங்குகிற முறை பச்சைக்கு. நடுக்கோட்டில் இளங்கோவிடம் பந்தைக் கொடுத்தேன். "மேடம், பந்து வேர்வையா இருக்கு, துடைச்சுக் கொடுங்க" என்றான். துணி வாங்கித் துடைத்துக் கொடுத்தேன், அவன் உள்ளே போட்டான். பச்சையின் முறை முடிந்தது. கொட்டையை வலது பாக்கெட்டிலிருந்து இடது பாக்கெட்டுக்கு மாற்றினேன். அடுத்த முறை நீலத்துக்கு.

இனி நடந்ததை எங்கள் ஊர்க்காரர்களால் மட்டுமே நடத்த முடியும். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஓர் அணி டைம் அவுட் கேட்டது. அந்த நேரம் பார்த்து, முதல் பாதிக்கே வர வேண்டிய முக்கிய விருந்தினர் உள்ளே வந்தார். அவருக்கு அவசரமாகக் கிளம்பவும் வேண்டும். வந்தவர் சும்மா போவாரா? யாருக்காவது பொன்னாடை போர்த்த வேண்டும். அமைப்பாளர்கள் மேஜைக்கு ஓடினார்கள். டெல்டாக்காரர், மூத்தவர், தேசியத் தலைவர் என்று கோவிந்தராஜன் சாரைப் பிடித்தார்கள். அன்றைக்கு மேஜையைக் கண்காணிக்கிற பொறுப்பு அவருடையது. "ஆட்டம் முடியட்டும்யா" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "ஒரே நிமிஷம் சார், ஐயா கிளம்பணும்" என்று யாரோ சொன்னார்கள். சரிகைச் சால்வை, பழத்தட்டு, பூங்கொத்து எல்லாம் மேஜைமேல் வந்து இறங்கின. மரியாதைக்கு மேஜையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் என் இடத்தில், நடுக்களத்தில், அணிகள் பக்கம் பார்த்து நின்றேன். டைம் அவுட்டில் நடுவர் பார்க்க வேண்டியது ஆட்டக்காரர்களை, சால்வையை அல்ல.

ஆட்டம் மறுபடி தொடங்கி முடிகிற இடத்துக்கு வந்துவிட்டது. பச்சை ஒரு புள்ளி முன்னால். கடிகாரத்தில் நாலே விநாடி. நீலத்தின் நெட்டையன் ஒருவன் பந்தோடு உள்ளே பாய்ந்தான். இளங்கோ குறுக்கே விழுந்து பந்தைப் பிடித்தான். இரண்டு பேரும் விடவில்லை, தரையில் உருண்டார்கள். விசில் ஊதி இரண்டு கட்டை விரலையும் தூக்கினேன். முறைப்பந்து என்று அர்த்தம். அடுத்து மேஜையில் அம்பைப் பார்த்துத் திசை காட்ட வேண்டும்.

பார்த்தேன். அம்பு பச்சைப் பக்கம் காட்டியது.

அரங்கம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தியது. பச்சை பந்தை உள்ளே போட்டு நாலு விநாடி பிடித்து வைத்துக்கொண்டால் போதும், கோப்பை அவர்களுடையது. மாடியில் ஹபீப் டப்பாவின் மூடியையே திறந்துவிட்டானாம். நான் இடது பாக்கெட்டுக்குள் கையை விட்டேன். கொட்டை அங்கே இருந்தது.

என் கட்டை விரல்கள் இறங்கிவிட்டன, கை எந்தப் பக்கமும் நீளவில்லை. மற்ற இரண்டு நடுவர்களையும் கூப்பிட்டேன். ஒருவர், "அம்பு காட்டுறதைக் கொடுத்துட்டுப் போவோம் மேடம், அம்புதானே சட்டம்" என்றார். இன்னொருவர் தனக்குச் சரியாக ஞாபகம் இல்லை என்று உண்மையைச் சொன்னார். மேஜைக்குப் போனேன். அம்பைக் கவனிக்கிற செல்வி நல்ல பெண், பலகையையே பார்த்துக்கொண்டு பேசினாள். "திருப்பினேன் மேடம்... திருப்பினேன்னுதான் நினைக்கிறேன். ரெண்டு தடவை திருப்பிட்டேனோன்னு இப்போ பயமா இருக்கு" என்றாள். காணொளியைப் போட்டுப் பார்க்க எங்கள் சட்டத்தில் இதற்கு இடம் இல்லை.

சாரைப் பார்த்தேன். தோளில் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணிலிருந்து ஒன்றும் தப்பாது என்று அத்தனை ஆண்டும் நம்பியவள் நான்.

"நான் பார்க்கலை, ஜைத்தூன்" என்றார். "நீ சொல்லு."

பந்தை உள்ளே போட்டு ஒருவர் தொட்டுவிட்டால் அதற்குப் பிறகு அம்பு தப்பு என்று யார் சொன்னாலும் திருத்த முடியாது. அம்பு காட்டியபடி பச்சைக்குக் கொடுத்தால் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. ஊரே என்னைத் தூக்கிவைத்து ஆடும். கொட்டை சொல்கிறபடி நீலத்துக்குக் கொடுத்து, அவர்கள் கூடையில் போட்டுவிட்டால், என் ஊரின் கோப்பையை ஒரு புளியங்கொட்டைக்காகத் தூக்கிக் கொடுத்தவள் என்று ஆயுள் முழுக்க ஏச்சு வாங்குவேன். அதுவும் கொட்டையை நான் சரியாகத்தான் மாற்றினேனா? மனதுக்குள் பின்னோக்கிப் போனேன். கடைசி குவார்ட்டரின் தொடக்கம். நடுக்கோடு. கையில் ஈரத் துணி.

இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டேன். இளங்கோ மூச்சு வாங்க ஓடிவந்து, "மேடம், அம்பு எங்க பக்கம் இருக்கு, இதுல பேச என்ன இருக்கு?" என்று கத்தினான்.

"இந்தக் குவார்ட்டர் ஆரம்பிச்சப்போ பந்தைத் துடைச்சுக் கொடுங்கன்னு எங்கிட்டக் கேட்டது யாரு, இளங்கோ?"

என்னைப் பார்த்தான், அம்பைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். நடுவில் வேறு முறைப்பந்து வரவில்லை. அப்போது தொடங்கியது பச்சை என்றால் இப்போது முறை நீலத்துக்கு. இல்லை என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம், அவனுக்காகச் சத்தியம் செய்ய ஊரே தயாராக இருந்தது. அவன் சொல்லவில்லை. திரும்பி அவனுடைய ஆட்களைப் பார்த்துக் கைதட்டினான். "வாங்கடா, டிஃபென்ஸ்! நாலு செகண்டுதான்!"

நான் நீலத்தின் பக்கம் கையை நீட்டினேன். செல்வி அம்பைத் திருப்பி வைத்தாள்.

அதற்குப் பிறகு கேட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது. தண்ணீர் பாக்கெட் வந்து விழுந்தது. இவ்வளவு கூச்சலிலும் சொந்த ரத்தத்தின் குரல் தனியாகக் கேட்கும் போலிருக்கிறது. "அக்கா! கண்ணு தெரியலையா உனக்கு? திருவாரூர்ப் பக்கம் வந்துடாத!" என்று ஹபீப் தொண்டை கிழியக் கத்தினான். களத்தைத் துடைக்கச் சொல்லி, நாலு விநாடியைச் சரிபார்த்து, கூடைக்குப் பின்னால் என் இடத்துக்குப் போனேன். எங்கே நின்றால் கைக்கும் கைக்கும் நடுவில் இருக்கிற வெளிச்சம் தெரியுமோ அங்கே நின்றேன்.

நீலம் பந்தை உள்ளே போட்டது. அவர்களுடைய சிறந்த ஆள் வாங்கி, ஒரு தட்டு தட்டி, எழும்பினான். எதிரே அந்தத் தேய்ந்த முழங்காலோடு இளங்கோவும் எழும்பினான். அவன் கை பந்தை மறைத்தது, ஆளைத் தொடவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து அந்த இடைவெளி பளிச்சென்று தெரிந்தது. ஃபவுல் என்று நீலத்தின் பெஞ்சே எழுந்து கத்தியது. நான் ஊதவில்லை. பந்து வளையத்தில் பட்டு, ஒரு தடவை துள்ளி, வெளியே விழுந்தது. மணி அடித்தது.

பச்சை சாம்பியன்!

அழக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். நடுவர் எந்த அணிக்காகவும் அழக் கூடாது. நடுவர் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அது எந்த அணிக்காகவும் இல்லை. எனக்காக அழுதேன், சந்தோஷமாக அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் ஒளிபரப்புக்காரர்கள் அந்த டைம் அவுட்டைப் போட்டுக் காட்டினார்கள். சார் கைகூப்பி நிற்கிறார். சால்வை பறந்து அவர் தோளில் விழுகிறது. அதன் ஓரம் பட்டு அம்புப் பலகை கவிழ்கிறது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு விழா உறுப்பினர் அதை அக்கறையாக எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, தலைமாற்றி நிறுத்திவிட்டுப் போகிறார். அதுவரை பச்சைக்குப் போக வேண்டிய பந்தை நான் பிடுங்கி நீலத்துக்குக் கொடுத்தேன் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நீலத்தின் மேலாளரும் பார்த்தார். அறை வாசலுக்கு வந்து, "மேடம், நீங்க எந்த ஊர்?" என்று கேட்டார். இதே ஊர்ப் பக்கம்தான் சார், காலையிலிருந்து மாறலை என்றேன். சத்தமாகச் சிரித்துக் கைகொடுத்தார்.

இளங்கோ கழுத்தில் மாலையோடு நொண்டிக்கொண்டு வந்தான். கோப்பையை இரண்டு கையாலும் என் முன்னால் நீட்டினான். "அந்தப் பந்தை எங்களுக்குக் குடுத்திருந்தீங்கன்னா, இந்த வீடியோ வந்தப்புறம் இதை நான் எங்கே மேடம் கொண்டுபோய் வைப்பேன்? இப்போ எவன் வந்து என்ன கேட்பான்?" என்றான். அவனுக்குப் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு, அல்வா டப்பாவோடு ஹபீப். "அக்கா, முதல்ல நீ எடு" என்றான். திருவாரூருக்கு வரலாமாடா என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு டப்பாவை நீட்டினான்.

எல்லோரும் போன பிறகு சார் கதவைச் சாத்தினார். டீ வந்திருந்தது. நான் தரையில் காட்டத் தயாராக எழுந்து நின்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. என் எதிரே வந்து விறைப்பாக நின்றார்.

"இன்னிக்கு நீ கேளு" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், வேண்டாம் சார் என்றேன். அவர் விடவில்லை. கடைசியில் கேட்டேன்.

"எங்கே நின்னீங்க, சார்?"

"இதுக்குக் கீழே" என்று சொல்லி, தோளில் இருந்த சரிகைச் சால்வையை எடுத்து, உதறி, இரண்டு கையாலும் விரித்து எனக்குப் போர்த்திவிட்டார். பிறகு டீயை எடுத்து முதலில் என் கையில் கொடுத்தார். அன்றைக்கு அது சூடாக இருந்தது.